கேள்வி பதில்: கிழிந்து ஆறிய தசை நெடுந்தூர ஓட்டத்துக்குப் பழகுமா?

கேள்வி: ஐந்து மாதங்களுக்கு முன் என் தொடையின் பின்புறத் தசை கிழிந்தது. இப்போது வலி இல்லை. ஓடலாம் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். புதிதாக வளர்ந்த தசை, பழைய தசையைப் போலவே நெடுந்தூர ஓட்டத்துக்குப் பழகுமா?

பதில்: பழகும். ஆனால் ஆறிய இடத்தில் இருப்பது முழுவதும் தசையல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தசையிழைகளின் மேலுறைக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும் துணைச் செல்களை 1961இல் அலெக்சாண்டர் மவுரோ விவரித்தார். காயம் பட்டதும் விழித்தெழுந்து, பெருகி, ஒன்றோடொன்று இணைந்து புதிய இழைகளை உருவாக்குபவை இவைதாம். அப்படிப் பிறக்கும் இழை முதலில் கருவிலுள்ள குழந்தையின் தசைக்குரிய புரதங்களையே உற்பத்தி செய்கிறது; நரம்பு வந்து சேர்ந்து, அதன் வழியே கட்டளைகள் ஓயாமல் வரத் தொடங்கிய பிறகுதான், விரைவாகச் சுருங்கிச் சீக்கிரம் களைப்பதா, மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் தாங்குவதா என்பது முடிவாகிறது. எனவே புதிய இழை எந்த வேலைக்குப் பழக்கப்படுகிறதோ, அந்த வேலைக்கு ஏற்றதாகவே முதிர்கிறது.

நெடுநேரப் பயிற்சி தசையை என்ன செய்கிறது என்பதை, எலிகளைப் பல வாரங்கள் ஓடவைத்து ஆராய்ந்த ஜான் ஹொல்லோசி 1967இல் காட்டினார்: ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் நொதித் திறன் ஏறத்தாழ இரு மடங்கானது. இழைகளைச் சுற்றியுள்ள நுண் இரத்தக் குழாய்களும் இத்தகைய பயிற்சியால் பெருகுகின்றன. காயத்துக்குப் பின் மீண்டும் வளர்ந்த எலித் தசைகளிலும் மாற்றம் இதே திசையில்தான் நிகழ்கிறது. நெடுநேர ஓட்டம் தாங்குதிறனை வளர்க்குமே தவிர, இழந்த பருமனையும் வலுவையும் மீட்டுத் தராது. அதற்கு எடைப் பயிற்சி தனியாக வேண்டும். ஓடத் தொடங்கியவர்கள் பலர் இதைத்தான் தவிர்க்கிறார்கள்.

இனி வடுவைப் பற்றி. கிழிசல் பெரிதாக இருந்தால், இழைகளின் முனைகளுக்கு நடுவே இணைப்புத் திசு நிரம்பிவிடுகிறது. அதில் மைட்டோகாண்ட்ரியா பெருகப்போவதில்லை, அது சுருங்கவும் செய்யாது. தசை சுமையைத் தாங்கியபடியே நீளும்போது, வடுவும் இழையும் சந்திக்கும் ஓரத்தில்தான் இழுவிசை கூடுதலாக விழுகிறது. ஆகவே சமதளத்தில் மெதுவாக ஓடும் தூரத்தை முதலில் கூட்டுங்கள். வேக ஓட்டத்தைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுநாளும் அதே இடத்தில் இழுத்துப்பிடிப்பதுபோல் இருந்தால், அன்று ஓடாதீர்கள்.

கேள்வி: ஓட்டத்துக்குப் பதிலாக சைக்கிள் மட்டும் மிதித்தால் போதாதா?

பதில்: தொடக்கத்துக்கு மிக நல்லது. மிதிக்கும்போது தசை சுருங்கியே வேலை செய்கிறது, சுமையோடு நீள்வது மிகக் குறைவு. ஆகவே பெரிய ஆபத்தின்றி மைட்டோகாண்ட்ரியாவை வளர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஓடும்போது, முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், தொடையின் பின்புறத் தசை நீண்டபடியே காலின் வேகத்தை அடக்கவேண்டியிருக்கிறது. அந்த வேலையை சைக்கிள் கற்றுத்தராது. மீண்டும் ஓடுவதே உங்கள் நோக்கமென்றால், தசை நீண்டபடியே சுமையைத் தாங்கும் பயிற்சிகளை இயன்முறை மருத்துவரிடம் கற்று, சைக்கிளோடு சேர்த்தே செய்யுங்கள்.