மூன்று பிள்ளைகள், மூன்று வயது, ஒரே விடுமுறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் பிள்ளைகளுக்கு வயது மூன்று, எட்டு, பதின்மூன்று. விடுமுறை தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. சின்னவனுக்குப் பிடித்ததைச் செய்தால் பெரியவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். பெரியவளுக்கு ஏற்றதைத் தொடங்கினால் சின்னவன் நடுவில் புகுந்து கலைத்துவிடுகிறான். நடுப்பிள்ளைக்கு இருவரோடும் சண்டை. மூவரும் சேர்ந்து செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

பதில்: மூவருக்கும் ஒரே அளவில் பிடிக்கும் விளையாட்டைத் தேடுவதை முதலில் விட்டுவிடுங்கள், அப்படி ஒன்று அமைவது அரிது, அமைந்தாலும் இரண்டு நாளில் சலித்துவிடும். ஒரே காரியத்தை எடுத்துக்கொண்டு, அதில் ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள். சின்னவன் கலைப்பது குறும்பினால் மட்டும் என்று எண்ண வேண்டாம். அந்த வயதில் பல குழந்தைகள் பிறரோடு கூடி விளையாடுவதைவிடப் பிறருக்குப் பக்கத்தில் அமர்ந்து தம் போக்கில் விளையாடுவார்கள். 1932-இல் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பாலர் பள்ளிக் குழந்தைகளைக் கவனித்து எழுதிய கட்டுரையில் இதை 'இணை விளையாட்டு' என்று வகைப்படுத்தினார். அக்காள் கையில் இருப்பது தன் கையிலும் இருந்தால் போதும், அவன் பாதி நேரம் அடங்கியிருப்பான்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒரு நூலின் நுனியில் கனமான திருகாணியையோ பூட்டையோ கட்டி, தொங்கும் இடத்திலிருந்து அந்தக் கனத்தின் நடுப்பகுதி வரை சரியாக ஒரு மீட்டர் இருக்குமாறு உயரத்தில் தொங்கவிடுங்கள். 'விடு' என்றதும் கையை எடுப்பது சின்னவன் வேலை. அந்த ஒரு சொல்லுக்காக அவன் எத்தனை முறை வேண்டுமானாலும் காத்து நிற்பான். கனம் போய்த் திரும்புவதைப் பத்து வரை உரக்க எண்ணுவது நடுப்பிள்ளையின் வேலை. நேரத்தைக் குறித்துத் தாளில் எழுதுவது பெரியவள் வேலை. கொஞ்சமாக இழுத்துவிட்டால் பத்து ஆட்டத்துக்கு ஏறத்தாழ 20 விநாடி ஆகும். இப்போது பூட்டை மாற்றி இன்னும் கனமான ஒன்றைக் கட்டச் சொல்லுங்கள். வேகம் கூடும் என்று எட்டு வயதுக்காரர் பந்தயமே கட்டுவார். கனத்தின் நடுப்பகுதி அதே ஒரு மீட்டரில் இருக்கும் வரை நேரம் மாறாது. அதே 20 விநாடிதான்.

பெரியவளுக்கான கேள்வி அடுத்தது. ஒரு முறை போய்வர இரண்டு விநாடி என்றால், அது நான்கு விநாடி ஆக நூல் எவ்வளவு நீளம் வேண்டும்? இரண்டு மீட்டர் என்று யாரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். வேண்டியதோ நான்கு மீட்டர். நேரம் இருமடங்காக வேண்டுமானால் நீளம் நான்கு மடங்காக வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படிப்பது ஒன்று, மாடிப்படி வளைவிலிருந்து நூலை இறக்கிவிட்டுத் தானே எண்ணிப் பார்ப்பது வேறு. மாறாக 25 செ.மீ. நூலில் ஒரு விநாடியில் போய்வந்துவிடும். விளையாட்டு முடிந்ததும் நூலைக் கழற்றி எடுத்து வையுங்கள். தொங்கும் கயிறும் மூன்று வயதுக் கழுத்தும் ஒரே அறையில் தனியாக இருக்கக் கூடாது.

வெளியே போக முடியாத நாளுக்குக் காகிதமும் பசையும் போதும். நீளமான காகிதப் பட்டையை ஒரே ஒரு முறை, அரைச் சுற்று முறுக்கி, நுனிகளை ஒட்டுங்கள். ஒட்டிய இடத்தை விரலால் அழுத்திப் பிடிப்பவன் சின்னவன். பட்டையின் நடுவே பேனாவை எடுக்காமல் கோடு இழுத்துப் போனால் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவதையும், கோடு காகிதத்தின் 'இரு பக்கத்திலும்' விழுந்திருப்பதையும் நடுப்பிள்ளை கண்டுபிடிக்கட்டும். அந்தக் கோட்டின் வழியே பெரியவள் கத்தரித்தால் இரண்டு வளையம் கிடைக்காது; ஒரே நீள வளையம் கிடைக்கும். இன்னொரு பட்டை செய்து, ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிக் கத்தரித்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லப்போவதில்லை. 1858-இல் மோபியஸ், லிஸ்டிங் என்ற இரு ஜெர்மானியக் கணிதர்கள் ஒருவரையறியாமல் ஒருவர் கண்டறிந்த பட்டை இது என்பதை மட்டும், கத்தரித்து முடித்த பிறகு சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சேர்ந்து செய்வது ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குத் தம்பிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள் என்ற பொறுப்பைத் தெரியாமல் சுமத்திவிடுகிறோம். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதற்குப் பாதிக் காரணம் அதுவாக இருக்கலாம். யாரும் கதவைத் தட்டாத நேரம் அவளுக்கென்று இருக்கட்டும். சிறு காந்தம், பொத்தான் பேட்டரி உள்ள அவளுடைய பொருள்களும் சின்னவன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். இவற்றை விழுங்குவது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: பதினைந்து வயது மகன் எந்தக் குடும்பப் பயணத்துக்கும் வர மறுக்கிறான். வற்புறுத்தலாமா?

பதில்: வற்புறுத்தி அழைத்துப் போனால் உடல் வரும், ஆள் வர மாட்டான். ஒரு நாளை முழுவதுமாக அவனிடமே ஒப்படைத்துப் பாருங்கள்: எங்கே போவது, எதில் போவது, எவ்வளவு செலவழிப்பது எல்லாம் அவன் முடிவு, உங்களுக்குப் பிடிக்காத இடமாக இருந்தாலும் நீங்கள் முணுமுணுக்காமல் போக வேண்டும், அதுதான் கடினமான பகுதி. விடியற்காலைப் பயணங்களைத் தவிருங்கள். இந்த வயதில் உறக்கம் வரும் நேரம் இயல்பாகவே பின்னுக்குத் தள்ளிப்போகிறது; தேவையோ நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம்.

கேள்வி: ஏழு வயது மகள் கார்ட்டூன் பார்க்கும்போது ஒன்றரை வயதுத் தம்பியும் அருகில் அமர்ந்து பார்க்கிறான். பரவாயில்லையா?

பதில்: தவிர்ப்பது நல்லது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளைத் திரையின் முன் அமர்த்த வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்றும் உலக சுகாதார அமைப்பு 2019-இல் அறிவுறுத்தியது. மகளின் கார்ட்டூன் நேரத்தைத் தம்பியின் பகல் தூக்கத்தோடு பொருத்திவிடுங்கள். அவன் விழித்ததும் அணைக்க வேண்டும் என்பதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.