பின் பிரேக் பேடு வீட்டிலேயே மாற்றுவது: கேள்வி பதில்

கேள்விகளுக்குப் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். முன் சக்கரத்தில் பேடு மாற்றிக் கை பழகியவர்கள்தான் பின் சக்கரத்தில் கேலிப்பரை, அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைப் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் பாகத்தை, கெடுக்கிறார்கள். முன்னால் இருப்பது கால் பிரேக் மட்டும். பின்னால் ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்திருக்கிறது, பல கார்களில் பேடை அழுத்தும் அதே பிஸ்டனுக்குள்ளேயே. இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். காரின் மாடலையும் ஆண்டையும் எழுதுங்கள்.

திருச்சி, ஸ்விஃப்ட்: அண்ணா, பின் பேடு செட் என்ன விலை வரும்? நானே மாத்திக்கலாமா?

பதில்: உங்கள் காரில் பின்னால் டிரம் பிரேக். பேடு கிடையாது, ஷூதான். அது வேறு வேலை.

கோவை, ஸ்கோடா லாரா 2011: சார், கேலிப்பர் கழட்டியாச்சு, பழைய பேடும் எடுத்தாச்சு. சி கிளாம்ப் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் பிஸ்டன் உள்ளே போகவே மாட்டேங்குது. முன்னாடி இதே கிளாம்ப்ல சுலபமா போச்சு. இன்னும் இறுக்கலாமா?

பதில்: வேண்டாம். கிளாம்பை இப்போதே எடுத்துவிடுங்கள்.

உங்கள் பின் பிஸ்டனுக்குள் மரையுள்ள ஒரு தண்டு இருக்கிறது. ஹேண்ட் பிரேக் கேபிள் இழுக்கும் சின்ன லிவர் அந்தத் தண்டைத்தான் தள்ளும். பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், உள்ளே இருக்கும் நட்டு அந்த மரையில் தானாகவே சுற்றி இடைவெளியைச் சரிக்கட்டும். மரையில் சுற்றி நீண்டதைச் சுற்றித்தான் உள்ளே அனுப்ப முடியும். கிளாம்பால் நேராக அழுத்தினால் உள்ளே இருக்கும் அந்தச் சரிக்கட்டும் அமைப்பு உடையும். பிறகு கேலிப்பரையே மாற்ற வேண்டியதுதான்.

பிஸ்டனின் முகத்தைப் பாருங்கள், எதிரெதிரே பள்ளங்கள் தெரியும். அதில் பொருந்துகிற, அழுத்திக்கொண்டே திருப்புகிற டூல் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். பெரும்பாலும் வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். சில கார்களில் ஒரு பக்கத்துக்கு மட்டும் எதிர்த்திசை. அதனால் திருப்பியும் உள்ளே போகவில்லை என்றால் பலம் கொடுக்காமல் உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் பூட் முறுக்கிக்கொள்கிறதா என்று ஒவ்வொரு சுற்றுக்கும் கவனியுங்கள். ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்க வேண்டும். சில கார்களில் பேடின் முதுகில் ஒரு முளை இருக்கும், அது பிஸ்டனின் பள்ளத்துக்குள் உட்கார வேண்டும். அப்படிப்பட்ட காரில் பள்ளத்தைச் சரியான கோணத்தில் நிறுத்தாமல் பூட்டினால் பேடு சாய்ந்தே தேயும்.

கேலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்க விட்டிருந்தால் உடனே ஒரு கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டுங்கள்.

ஓசூர், பட்டன் ஹேண்ட் பிரேக் உள்ள எஸ்.யூ.வி: எனக்கு லிவரே கிடையாது, பட்டன்தான். நானும் திருப்பணுமா?

பதில்: திருப்பக் கூடாது. உங்கள் கேலிப்பரின் முதுகில் ஒரு மோட்டார் இருக்கிறது. காரின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேன் டூலைப் போட்டு, அல்லது புத்தகத்தில் அதற்கான முறை கொடுத்திருந்தால் அந்த முறைப்படி, சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோனால் மோட்டார் தண்டைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். அதன்பின் பிஸ்டனை நேராகத் தள்ளினாலே போய்விடும். மோட்டாருக்கு நேரடியாக பேட்டரி கரண்ட் கொடுத்துச் சுற்றும் வீடியோக்களை நம்பாதீர்கள். எங்கே நிற்பது என்று அதற்குத் தெரியாது, பல்சக்கரம் போய்விடும். வேலை நடக்கும்போது சாவியை வீட்டுக்குள் வையுங்கள். பேடு இல்லாத நேரத்தில் அந்த மோட்டார் ஓடினால் உங்கள் விரல் நடுவில் இருக்கும். பேட்டரி பலவீனமாக இருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள்.

வேலூர்: டிக்கியில இருக்குற ஜாக்கே போதும்தானே? கூட ரெண்டு ஹாலோ பிளாக் வச்சுக்கிறேன்.

பதில்: போதாது. அந்த ஜாக் டயர் மாற்ற மட்டும். ஹாலோ பிளாக் பாரம் தாங்கிக்கொண்டே இருந்து, முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். ஜாக் ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்குங்கள். அதற்குக் காசு இல்லையென்றால் இந்த வேலையை ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள், இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

இன்னொன்று. பின் சக்கரத்தைத் தூக்கிவிட்டு ஹேண்ட் பிரேக்கையும் இறக்கிவிட்டால் காரைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன் சக்கரம் இழுக்கும் காராக இருந்தால் கியரிலும் போட்டு வையுங்கள். சரிவான வாசலில் இந்த வேலையே கூடாது.

திருநெல்வேலி, க்ரெட்டா: வலது பக்கம் உள் பேடு தகரம் வரைக்கும் தேஞ்சிடுச்சு. வெளிப் பேடுல பாதி மிச்சம் இருக்கு. தேஞ்சதை மட்டும் மாத்தலாமா?

பதில்: இரண்டு பக்கமும் நான்கு பேடையும் மாற்றுங்கள். ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுப் பேடு போட்டால் அதுவும் இப்படித்தான் தேயும்.

உங்கள் கேலிப்பர் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் நகர்கிறது. பிஸ்டன் உள் பேடை அழுத்தும், அந்த எதிர்விசையில் கேலிப்பர் மொத்தமும் நகர்ந்து வெளிப் பேடை இழுக்கும். ஸ்லைடு பின் இறுகிவிட்டால் வெளிப் பேடு வேலையே செய்யாது, சுமை முழுக்க உள் பேடு மேல். இரண்டு பின்னையும் உருவி விரலால் நகர்த்திப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போக வேண்டும். துரு இருந்தால் துடைத்து, சொரசொரப்பு போகவில்லையென்றால் பின்னையே மாற்றுங்கள். பின்னின் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் தண்ணீர் அங்கேதான் நுழைந்திருக்கும். பேடின் காதுகள் உட்காரும் கிளிப்புக்கு அடியிலும் துரு ஏறிப் பேடைக் கவ்விக்கொள்ளும், அதையும் சுரண்டுங்கள். கடைசியாக, ஒருவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்து விடட்டும், நீங்கள் கேலிப்பரில் இருக்கும் லிவரைப் பாருங்கள். அது முழுதாகத் திரும்பி வரவில்லையென்றால் அந்தச் சக்கரம் எப்போதும் லேசாகப் பிரேக் பிடித்துக்கொண்டேதான் ஓடியிருக்கும்.

ஈரோடு: ஸ்லைடு பின்னுக்கு வீட்ல இருக்குற சேசிஸ் கிரீஸ் போடலாமா?

பதில்: கூடாது, ரப்பர் உப்பிவிடும். பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ், மெல்லிய பூச்சு போதும். பேடின் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு துளிகூடப் படக் கூடாது.

மதுரை, ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்: எல்லாம் சரிங்க, டிஸ்க்கை லேத்துல கொடுத்துக் கடையணும்னு ஏன் சொல்லல? வரிவரியா கோடு விழுந்த டிஸ்க்ல புதுப் பேடு உட்காராது. சத்தம் வருதுன்னு கஸ்டமர் நம்ம கிட்டதான் திரும்பி வருவார். நாங்க பேடு மாத்தினாலே கடைஞ்சுதான் போடுவோம்.

பதில்: நல்ல கேள்வி. ஆனால் ‘மாத்தினாலே’ என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. பின் டிஸ்க் பெரும்பாலும் ஒற்றைத் தகடு, நடுவே காற்று போகும் வழி கிடையாது. பல கார்களில் அது புதிதாக 10 மி.மீ., அனுமதித்த குறைந்தபட்சம் 8 மி.மீ. பக்கத்துக்கு ஒரு மி.மீ.தான் மொத்த ஆயுள். அதில் பாதியை ஏற்கனவே பேடு தின்றிருக்கும். மிச்சத்தை லேத்தில் சீவிவிட்டால் டிஸ்க் அந்தக் குறைந்தபட்ச எல்லைக்கு அருகில் இருக்கும் நிலையில் வண்டி வெளியே போகும். மெல்லிய டிஸ்க் சீக்கிரம் சூடாகும்.

மதுரை: அளந்துட்டுத்தான் கொடுப்போம். வெர்னியர் இல்லாத ஒர்க்‌ஷாப்பா?

பதில்: வெர்னியரில்தான் சிக்கல். டிஸ்க்கின் ஓரத்தில் பேடு படாத விளிம்பு தேயாமல் உயரமாக நிற்கும். வெர்னியரின் தாடை அந்த விளிம்பில் உட்கார்ந்தால் தேயாத அளவைத்தான் காட்டும். மைக்ரோமீட்டர் வைத்து, விளிம்பைத் தாண்டி உள்ளே, சுற்றிலும் பல இடங்களில் அளக்க வேண்டும். குறைந்தபட்ச அளவு பெரும்பாலும் டிஸ்க்கிலேயே குத்தப்பட்டிருக்கும்.

சென்னை, துரைப்பாக்கம்: இங்க உப்புக் காத்துல ஒரு ராத்திரி நின்னாலே டிஸ்க் துருப் பிடிக்குது. அதுக்கும் கடையணுமா?

பதில்: வேண்டாம். மேலோட்டமான துருவை நாலு தடவை பிரேக் பிடித்தால் பேடே துடைத்துவிடும்.

மதுரை: அப்ப பிரேக் பிடிக்கும்போது அதிருதுன்னு வர்ற வண்டிக்கு என்ன பண்ணச் சொல்றீங்க? புது டிஸ்க் போடுங்கன்னா கஸ்டமர் அடுத்த கடைக்குப் போயிடுவார்.

பதில்: அதிர்வு உள்ள வண்டிக்குக் கடையலாம், மறுக்கவில்லை. தடிமன் மிச்சம் இருக்க வேண்டும், கடைந்த பிறகும் எல்லைக்கு மேலே இருக்க வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால், டிஸ்க்கைக் கழற்றி அது உட்காரும் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அங்கே படிந்த துருவே டிஸ்க்கைச் சாய்த்து அதிர்வு கொடுக்கும். அதே துருவோடு மாட்டினால் லேத்தில் எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்து வந்த டிஸ்க்கும் ஆடும். கோடு மட்டும்தான் விழுந்திருக்கிறது, விரல் நகம் பெரிதாகச் சிக்கவில்லை என்றால் உப்புத்தாளால் பளபளப்பை எடுத்து, பிரேக் கிளீனரால் துடைத்துப் புதுப் பேடு போடுங்கள், தானே உட்காரும்.

மதுரை: ஹப்பைத் தேய்க்கிறது சரி. அதைப் பசங்ககிட்ட சொல்லிடறேன். கடையறதுல நான் மாற மாட்டேன்.

பதில்: மைக்ரோமீட்டராவது வாங்கிவிடுங்கள்.

தஞ்சாவூர், வேகன் ஆர்: பின் பேடு எத்தனை கி.மீ. ஓடும்?

பதில்: டிரம். திருச்சிக்காரருக்குச் சொன்னதுதான்.

நாமக்கல்: பிஸ்டனை உள்ள தள்ளினா பிரேக் ஆயில் வழியுமாமே? கடையில டாட் 5 இருக்கு, அதை ஊத்தலாமா?

பதில்: இடையில் யாராவது ஆயில் ஊற்றி நிரப்பியிருந்தால் வழியும். பெயிண்டில் பட்டால் அரித்துவிடும். முதலிலேயே காரின் பிரேக் ஆயில் டப்பாவிலிருந்து ஊசி இல்லாத சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைகால் வகை. டாட் 5-ஐ இவற்றோடு கலக்கவே கூடாது. அந்த டப்பாவின் மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். கிளைகால் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சேலம், ஜெட்டா: சி கிளாம்ப்ல பிஸ்டன் போகலியே?

பதில்: கோவைக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். கிளாம்பை எடுத்துவிட்டுப் படியுங்கள்.

கரூர்: ஏர் கம்ப்ரஸர்ல தூசியை ஊதி எடுத்துடலாம்ல?

பதில்: ஊதாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனர் அடித்து ஈரமாகவே துடைத்தெடுங்கள்.

கோவை, லாரா: சார், டூல் வாங்கித் திருப்பினேன், ரெண்டு பக்கமும் முடிச்சாச்சு. வண்டியை ஸ்டார்ட் பண்ணி பிரேக்கை மிதிச்சா தரை வரைக்கும் போகுது. ஏர் ஏறிடுச்சா?

பதில்: காரை நகர்த்தாதீர்கள். ஹோஸைக் கழற்றவில்லை, ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறக்கவில்லை என்றால் ஏர் ஏற வழியில்லை. பிஸ்டன் உள்ளே போயிருக்கிறது, பேடுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி, அவ்வளவுதான். பெடலை மெதுவாக, முழுதாகப் பல முறை மிதியுங்கள், கல் மாதிரி இறுகும் வரை. அதற்குப் பிறகுதான் ஹேண்ட் பிரேக்கைச் சில முறை இழுத்து விட வேண்டும். இறுகுவதற்கு முன்னால் கேபிளைத் தொட்டுச் சரிசெய்யாதீர்கள். பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். வீல் போல்ட் 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சில். உங்கள் காருக்குக் கேலிப்பர் போல்ட் புதிதாகத்தான் போட வேண்டும், பழையதையே மாட்டியிருந்தால் மறுபடி கழற்றுங்கள்.

பெடல் இறுகிய பிறகு தெருவுக்குள்ளேயே நடை வேகத்தில் நிறுத்திப் பாருங்கள். பிறகு காலி ரோட்டில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10-க்கு மிதமாகப் பிரேக் பிடித்து இறக்குங்கள், எட்டுப் பத்து முறை. முழுதாக நிறுத்த வேண்டாம், சூடான பேடு ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் டிஸ்க்கில் தடம் பதியும். முடிந்ததும் பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆற விட்டு வீட்டுக்கு வாருங்கள். பெடல் மறுபடி இறங்கினால் ஓட்டாமல் எனக்கு எழுதுங்கள்.