கணினிக் கேள்வி – பதில்

கேள்வி: குன்னூரில் தேயிலைத்தூளும் நீலகிரித் தைலமும் விற்கிறோம். எக்செலில் இருந்த வாடிக்கையாளர் பட்டியலை சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும்) மென்பொருளில் ஏற்றியபோது, பெயர்கள் வினாக்குறிகளாகவும் கைபேசி எண்கள் சிதைந்தும் வந்தன. ஏன்?

பதில்: கோளாறு பெரும்பாலும் கோப்பில்தான். நாட்டுக் குறியீடான 91 சேர்த்த 12 இலக்க எண்ணை எக்செல் ஒரு தொகையாகக் கருதிச் சுருக்கிக் காட்டுவதாலும், சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பாக) சேமிக்கும்போது திரையில் தெரிவதே பதிவாவதாலும், கடைசி இலக்கங்கள் தொலைந்துவிடுகின்றன. மூலக் கோப்பில் அந்த நெடுவரிசையை தசமம் இல்லாத ‘நம்பர்’ வடிவத்துக்கு மாற்றுங்கள். உங்கள் ஊர்த் தொலைபேசிக் குறியீடான 0423 என்பதன் பூஜ்யம் தட்டச்சிடும்போதே உதிர்ந்திருக்கும். தரைவழி எண்களுக்கு முதலில் ‘டெக்ஸ்ட்’ வடிவம் கொடுத்து, மறுபடி தட்டச்சிடுங்கள். சாதாரண சிஎஸ்வி வகையில் தமிழ் எழுத்துகள் வினாக்குறிகளாகிவிடும்; தமிழ்ப் பெயர்கள் பிழைக்க, ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்ற வகையில் சேமியுங்கள். சிஆர்எம்மில் சிதைந்து ஏறிய பதிவுகளை நீக்கிவிட்டு, ஐந்து பெயர்களை மட்டும் முதலில் ஏற்றிப் பாருங்கள்.