குழந்தையிடம் வெளிச்சம் இல்லை

அன்புள்ள ஐயா,

பரோக் ஓவியங்களின், அதாவது பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியங்களின், ஒளி பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். கரவாஜியோவின் ‘மத்தேயுவின் அழைப்பு’ ஓவியத்தில் இருட்டறைக்குள் வரும் வெளிச்சமே இறைவன் என்கிறீர்கள். புரிகிறது. ஆனால் போகிற போக்கில் நீங்கள் பாராட்டிய ஜெர்மன் ஓவியர் எல்ஷைமரின் ‘எகிப்துக்குத் தப்பிச் செல்லுதல்’ படத்தைத் தேடிப் பார்த்தேன். ஒளிவட்டம் இல்லை, தேவதூதர் இல்லை. நிலாவும் காடும்தான். இதில் பக்தி எங்கே இருக்கிறது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

திரையில் பார்த்திருப்பீர்கள், அது பெரிதாக்கிக் காட்டி ஏமாற்றிவிடும். மூனிக் நகரின் ஆல்டே பினகோதெக் அருங்காட்சியகத்தில் உள்ள மூலம் 31 செ.மீ. உயரம், 41 செ.மீ. அகலம். கிட்டத்தட்ட ஒரு ஏ3 தாள். செப்புத் தகட்டில் வரைந்தது. கூட்டமாக நின்று கும்பிடுகிற பீடத்துப் படமில்லை. ஒருவர் குனிந்து பார்க்க வேண்டிய படம்.

ஏரோது மன்னன் குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடியதால் நேர்ந்த பயணம் இது. நற்செய்தி எழுதிய மத்தேயு இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்: யோசேப்பு எழுந்து, இரவோடிரவாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு போனான். இத்தாலிய ஓவியர் அன்னிபலே கராச்சி இதே கதையை வரைந்தபோது பகல் வெளிச்சத்தில் ஆறும் கோட்டையுமாக விரித்தார். அழகுதான், ஆனால் உயிருக்குப் பயந்து ஓடுகிறவர்கள் அதில் இல்லை. எல்ஷைமர் ‘இரவு’ என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

இனி வெளிச்சங்களை எண்ணுங்கள். வலப்பக்கம் முழுநிலா, நீரில் அதன் பிம்பம். இடப்பக்கம் மேய்ப்பர்கள் மூட்டிய நெருப்பு. நடுவில் யோசேப்பின் கையில் ஒரு பந்தம், மூன்றில் அதுதான் சின்னது. மேலே பால்வழி, வெறும் வெண்தீற்றலாக இல்லாமல் புள்ளி புள்ளியாக விண்மீன்கள். சப்தரிஷி மண்டலம்கூட இருக்கிறது. ஆண்டு 1609. பால்வழி என்பது விண்மீன்களின் கூட்டம் என்று தொலைநோக்கியில் கண்டு சொன்ன கலிலேயோவின் நூல் வெளிவந்தது 1610-இல். எல்ஷைமர் தொலைநோக்கி வழியாகப் பார்த்தாரா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை.

என்னை நிறுத்துவது வேறு. கொரெஜ்ஜியோவின் புகழ்பெற்ற பிறப்பு ஓவியத்தில் குழந்தையின் உடம்பிலிருந்தே ஒளி கிளம்பித் தாயின் முகத்தில் விழும். எல்ஷைமரின் குழந்தைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அவ்வளவு பெரிய வானத்தின் கீழே, அப்பன் தூக்கிப் பிடித்த பந்தத்தில்தான் அதன் முகம் தெரிகிறது. வானத்தைப் படைத்தவன் என்று நம்பப்படுகிறவன், வழி தெரிய இன்னொருவர் கைவிளக்கை நம்பி இருக்கிறான். மனிதனாகப் பிறந்தார் என்ற விசுவாசத்தை இவ்வளவு தூரம் மெய்யாக எடுத்துக்கொண்ட ஓவியர்கள் குறைவு. நீங்கள் கேட்ட பக்தி எனக்கு அங்கேதான் தெரிகிறது.

எல்ஷைமர் 1610-இல் ரோமில், 32 வயதில் இறந்தார். நண்பரான ஓவியர் ரூபன்ஸ் கடிதத்தில் அழுதார். இப்படிச் சோம்பலாக இருந்துவிட்டாரே என்று கூடவே திட்டவும் செய்தார். பட்டறை வைத்து வேலை வாங்கிய மனிதர், அப்படித்தான் சொல்வார். 1614-இல் ரூபன்ஸே இந்தக் காட்சியை வரைந்தார். அதே இரவு, அதே நிலா. ஆனால் முன்னே வழிகாட்ட ஒரு தேவதூதர் வந்துவிட்டார். ஒளியும் குழந்தைக்கே திரும்பிப் போய்விட்டது. ஜெர்மனியின் காசெல் நகரத்தில் இருக்கிறது அந்தப் படம். தேடிப் பாருங்கள், உங்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.