வயிறு சின்னதாயிருச்சு, தட்டு மட்டும் இன்னும் பெருசாவே இருக்கு: வாசகர் கேள்வி பதில்

எடை குறைக்கிற ஆபரேஷன் பண்ணிக்கலாமா வேணாமான்னு போன இதழ்ல எழுதியிருந்தோம்ல, அதுக்கு வந்த கேள்வில பாதிக்கு மேல ஏற்கெனவே பண்ணிக்கிட்டவங்க கேட்டது. எல்லாருக்கும் ஒரே கவலை, இனிமே என்னத்த சாப்பிடுறது, எப்படி சாப்பிடுறது. அதனால இந்த வாரம் முழுசும் அவங்களுக்குத்தான்.

அக்கா, எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு வாரம் ஆச்சு. மெத்துன்னு இருக்குறத சாப்பிட ஆரம்பிக்கலாம்னு சொல்லிட்டாங்க, அத்தையும் பாத்து பாத்து இட்லி ஊத்தி தராங்க. ஆனா நாலு வாய் போனதுமே நெஞ்சுல அடைக்குது, கொஞ்ச நேரத்துல நுரை நுரையா எச்சிலா வாந்தி வருது. தண்ணி குடிச்சா இன்னும் மோசமாகுது. ஆபரேஷன்ல ஏதாவது தப்பாயிருச்சா? (மதுரை வாசகி)

பயப்படாதீங்கம்மா, பெரும்பாலும் இது வேகத்துனால வர்ற பிரச்சனைதான். ஸ்லீவ்ல இரைப்பைய முக்கால்வாசிக்கு மேல எடுத்துடுறாங்க, மிச்சம் இருக்கறது ஒரு சின்ன குழாய், அதுல 100லருந்து 150 மில்லிதான் பிடிக்கும், சுமாரா ஒரு டீ கிளாஸ்னு வச்சுக்கோங்க. இட்லி மெத்துன்னு இருக்கேன்னு நாம மெல்லாம முழுங்கிடுவோம், ஆனா அரிசி, பிரெட் இதெல்லாம் உள்ள போய் பிசைஞ்ச மாவா உருண்டு அடைச்சுக்கும். அதுக்கு மேல தண்ணி ஊத்தினா தண்ணி எங்க போகும், திரும்பித்தான் வரும்.

இப்ப என்ன பண்றீங்க, குழந்தைக்கு ஊட்டுற ஸ்பூன் ஒண்ணு, சின்ன கிண்ணம் ஒண்ணு, இந்த ரெண்ட தவிர மத்ததெல்லாம் உள்ள வச்சிருங்க. ஒரு வாய்க்கு அந்த ஸ்பூன்ல பாதி, கூழா ஆகுற வரைக்கும் மெல்லணும், 20, 25 தடவையாவது. ஸ்பூன கீழ வச்சுட்டு அடுத்த வாய். சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம் ஆகட்டும், அரை மணிக்கு மேல இழுத்துக்கிட்டே இருக்காதீங்க. திடீர்னு விக்கல், மூக்குல தண்ணி, ஒரு தும்மல், நெஞ்சுக்குள்ள லேசா அழுத்தம், இதுல எது வந்தாலும் வயிறு நிறைஞ்சிருச்சுன்னு அர்த்தம். கிண்ணத்துல மிச்சம் கிடந்தாலும் கிடக்கட்டும், "ஒரு வாய்தானே"ன்னு உள்ள தள்ளுனீங்கன்னா அந்த ஒரு வாய்தான் வெளிய கொண்டு வரும். அத்தைகிட்ட இத நீங்க சொன்னா எடுபடாது, அடுத்த செக்கப்புக்கு அவங்களையும் கூட்டிட்டு போய் டயட்டீஷியன் வாயால சொல்ல வைங்க (நான் பாத்த வரைக்கும் இதுதான் வேலை செய்யுது).

இட்லிய இப்போதைக்கு கடைசில வைங்க. முதல்ல புரோட்டீன். பாசிப்பருப்ப குழைய வேகவச்சு கடைஞ்சது, நல்லா தளதளன்னு கிண்டின முட்டை, குழம்புல வெந்த மீன முள்ளெடுத்து ரெண்டு ஸ்பூன் காரமில்லாத குழம்போட மசிச்சது, இதெல்லாம் நல்லா இறங்கும். சிக்கன் வறண்டு போயிருந்தா அடைக்கும், அதுக்கு இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். தண்ணி சாப்பாட்டோட கிடையவே கிடையாது, சாப்பிட்டு முடிச்சு அரை மணி கழிச்சு, அதுவும் மடக்கு மடக்குன்னு குடிக்காம சிப்பு சிப்பா. அப்படியே நாள் முழுக்க ஒன்றரை லிட்டருக்கு குறையாம பாத்துக்கோங்க.

இவ்வளவு நிதானமா சாப்பிட்டும் வாந்தி நிக்கல, இல்ல தண்ணி கூட ஒரு நாள் முழுக்க தங்கலைன்னா காத்திருக்காதீங்க, ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்ட உடனே போயிடுங்க. குழாய்ல எங்கயாவது சுருக்கம் விழுந்திருக்கலாம், எண்டோஸ்கோப்பில பாத்துடுவாங்க. இன்னொண்ணு, நாள் கணக்கா வாந்தி எடுத்தா வைட்டமின் பி1 தீந்துபோயிடும், நடை தள்ளாடும், கண்ணு ரெட்டையா தெரியும், மூளையையே பாதிக்கும். பக்கத்து கிளினிக்ல போய் வெறும் குளுக்கோஸ் டிரிப் மட்டும் ஏத்திக்கிட்டா இது இன்னும் மோசமாகலாம், பி1 ஊசி முதல்ல போகணும். என்ன ஆபரேஷன்னு எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல் வார்த்தையா சொல்லிடுங்க.

நாங்க சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. ஒரு நாளைக்கு 60 கிராம் புரோட்டீன் வேணும்ங்கறாங்க, ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு. இந்த வயித்துக்கு அது சாத்தியமாங்க? (திருப்பூர் வாசகர்)

சாத்தியம்தாங்க, ஆனா ரசம் சாதமும் அப்பளமும் வச்சுக்கிட்டு முடியாது. கணக்கு பாருங்க. பால் 400 மில்லி குடிச்சா 13 கிராம் கிட்ட வந்துடும். பன்னீர் 75 கிராம்ல ஒரு 13, 14. மீல்மேக்கர் காஞ்சது 20 கிராம் எடுத்து ஊற வச்சு பிழிஞ்சு பொடியா நறுக்கி குருமால போட்டா 10. கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம், சாயங்காலம் நல்லா வெந்த சுண்டல் ஒரு கைப்பிடி, ரெண்டும் சேந்து இன்னொரு 15. மீதிக்கு தயிர். அந்த தயிர அப்படியே சாப்பிடாம ஒரு வெள்ளத் துணில கட்டி ராத்திரி ஃபிரிட்ஜுக்குள்ள ஒரு வடிகட்டி மேல வச்சிருங்க, காலைல தண்ணியெல்லாம் வடிஞ்சு வெண்ணெய் கணக்கா நிக்கும், அதே நாலு ஸ்பூன்ல சாதா தயிர விட ரெண்டு மடங்குக்கு மேல புரோட்டீன் இருக்கும். உப்பு, சீரகத்தூள் போட்டு சாப்பிட்டு பாருங்க. ஒரு நாள் முடியலைன்னா புரோட்டீன் பவுடர் போட்டுக்கறதுல தப்பே இல்ல, சர்க்கரை சேக்காததா பாத்து வாங்குங்க. சைவம்கறதால பி12 ஆபரேஷனுக்கு முன்னாடியே உங்களுக்கு கம்மியா இருந்திருக்கலாம், அத மட்டும் விட்டுடாதீங்க.

ஆபரேஷன் ஆகி நாலு மாசத்துல முடி கொத்து கொத்தா கொட்டுது. வழுக்கையாயிடுமா? (சேலம் வாசகி)

ஆகாதும்மா. வேகமா எடை குறையுறப்போ மூணுலருந்து ஆறு மாசத்துக்குள்ள நிறைய பேருக்கு கொட்டும், அப்புறம் தானா முளைச்சுரும். ஆனா ஒரு வருஷம் ஆகியும் கொட்டுச்சுன்னா இரும்புச்சத்து, ஜிங்க், புரோட்டீன் எதுவோ கம்மி, தைராய்டும் சேத்து டெஸ்ட் பாருங்க. எண்ணெய் மாத்துறதுல காசு போடாதீங்க.

எடை குறைக்க இரைப்பைல பைபாஸ் பண்ணி ஒரு வருஷம் ஆச்சு. ஒரு கல்யாணத்துல பாயசம் ஒரு டம்ளர்தான் குடிச்சேன், கால் மணி நேரத்துல நெஞ்சு படபடன்னு அடிச்சு வேர்த்து ஊத்தி வயித்தால போச்சு. ஹார்ட் அட்டாக்குன்னே நெனச்சுட்டோம். (தஞ்சாவூர் வாசகர்)

நீங்க சொல்றத பாத்தா இது டம்பிங். பைபாஸ்ல சாப்பாடு போய் சேர்ற இரைப்பை 30 மில்லி சொச்சம்தான், அத நேரா குடலோட சேத்துடுறாங்க, சர்க்கரை அங்க தங்காம நேரா குடலுக்குள்ள கொட்டிடும், அத கரைக்க ஒடம்புல இருக்க தண்ணியெல்லாம் குடலுக்கு ஓடும், அதான் படபடப்பும் வேர்வையும். கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும். நெஞ்சு வலியே வந்தா மட்டும் டம்பிங்னு நீங்களா முடிவு பண்ணாம ஆஸ்பத்திரிக்கு போங்க. இதுல இன்னொரு வகை இருக்கு, அது ஒண்ணுலருந்து மூணு மணி நேரம் கழிச்சு வரும், இன்சுலின் எக்கச்சக்கமா சுரந்து சுகர் தடால்னு இறங்கும், கை நடுங்கும், மயக்கம் வரும். பழைய சுகர் மாத்திரைய இன்னும் அதே அளவுல போட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா ரொம்ப ஆபத்து, உடனே டாக்டர்கிட்ட காட்டி கொறைச்சுக்கோங்க. பழ ஜூஸ், கரும்புச்சாறு, சர்பத் எல்லாம் பாயசத்தோட தம்பிங்கதான். பந்தில உக்காந்தா பருப்பு, கூட்டு, பொரியல்னு ஆரம்பிங்க, இனிப்பு இலைல விழுறதுக்கு முன்னாடியே கைய நீட்டி தடுத்துடுங்க.

ஸ்லீவ் பண்ணி ரெண்டு வருஷத்துல 38 கிலோ இறங்கினேன், இப்ப எட்டு கிலோ ஏறிடுச்சு. மூணு வேளையும் கொஞ்சமாத்தான் சாப்பிடுறேன், சத்தியமா. (சென்னை வாசகி)

நம்புறேன். மூணு வேளைக்கு நடுவுல என்னன்னு நீங்க எழுதலையே! மிக்சர், முறுக்கு, பிஸ்கட், ஐஸ்க்ரீம் இதெல்லாம் அந்த குழாய்ல அடைக்கவே அடைக்காது, பொடியாகி வழுக்கிட்டு போயிடும், வயிறு நிறைஞ்ச மாதிரியே தெரியாது. 100 கிராம் மிக்சர்ல 500 கலோரிக்கு மேல இருக்கு, டிவி முன்னாடி டப்பாவோட உக்காந்தா அது ஒரு எபிசோடுக்கு தாங்காது. முதல் வருஷம் பசியே இருந்திருக்காது, ஏன்னா பசிய தூண்டுற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிற பாகத்த எடுத்துட்டாங்க, அப்புறம் மெல்ல பசி திரும்பி வரும், எல்லாருக்கும் வர்றதுதான். ஒரு வாரத்துக்கு வாயில போடுற ஒவ்வொண்ணையும் போன்ல போட்டோ எடுங்க, டீல போடுற சர்க்கரை உட்பட. நடுவுல பசிச்சா சுண்டல், மோர், ஒரு முட்டை. எட்டு கிலோதானே, இப்பவே டயட்டீஷியன போய் பாத்தா இறக்கிடலாம், வெக்கப்பட்டுட்டு செக்கப்புக்கு போகாம இருக்கறதுதான் அத இருபதாக்கும்.

கால்சியம், அயர்ன் ரெண்டு மாத்திரையும் காலைல காபியோட போட்டா மறக்காம இருக்கு, சரிதானே? (நாகர்கோவில் வாசகர்)

சரியில்லங்க. ரெண்டும் ஒண்ண ஒண்ணு உள்ள சேர விடாது, ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வேணும். காபி, டீ வேற இரும்புச்சத்த தடுத்துடும். கால்சியம் சிட்ரேட்டா கேளுங்க, மொத்தமா போடாம பிரிச்சு பிரிச்சு போடுங்க. மூட்டு வலிக்குதுன்னு மெடிக்கல்ல டைக்ளோஃபினாக், இபுப்ரூஃபென் கேட்டு வாங்கிடாதீங்க, முக்கியமா பைபாஸ் பண்ணவங்களுக்கு தையல் போட்ட இடத்துல புண்ணு வந்துடும்.

குழந்தைக்காகத்தான் அக்கா ஆபரேஷனே பண்ணேன். ஏழு மாசம் ஆச்சு, மாசாமாசம் சரியா பீரியட்ஸ் வருது. இப்பவே ட்ரை பண்ணலாமா? (திண்டுக்கல் வாசகி)

சந்தோஷமான சேதி, ஆனா இன்னும் கொஞ்சம் பொறுங்க தங்கம். ஆபரேஷனுக்கு அப்புறம் 12லருந்து 18 மாசம் போகட்டும்னு சொல்றதுக்கு காரணம், இப்ப உங்க எடை இறங்கிட்டே இருக்கு, உங்களுக்கே சத்து பத்தாத நேரம். எடை குறைஞ்சதும் சட்டுன்னு கரு உண்டாகிடலாம், அதனால அது வரைக்கும் தடுப்பு வேணும், பைபாஸா இருந்தா மாத்திரைய மட்டும் நம்ப முடியாது, டாக்டர்கிட்ட வேற வழி கேளுங்க. ட்ரை பண்றதுக்கு முன்னாடி இரும்பு, பி12, வைட்டமின் டி எல்லாம் ஒரு தடவ பாத்துட்டு ஃபோலிக் ஆசிடும் ஆரம்பிச்சிருங்க. அப்புறம் கர்ப்பமானதும் நம்ம ஊர் ஆஸ்பத்திரில எல்லாருக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கரைச்சு குடிக்க குடுத்து சுகர் பாப்பாங்க, உங்களுக்கு அது டம்பிங்க கிளப்பி விட்டுடலாம். டம்ளர கைல வாங்குறதுக்கு முன்னாடியே ஆபரேஷன் விஷயத்த சொல்லிடுங்க, அதுக்கு பதிலா ஒரு வாரம் வீட்டுலயே குளுக்கோமீட்டர்ல குத்தி பாத்து எழுதிட்டு வர சொல்லுவாங்க.