கைக்குழியை இன்னும் இறக்கி வெட்ட வேண்டாம்

பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்கும்போதெல்லாம் குர்த்தியின் அக்குள் தையல் விட்டுப்போகிறது, கைக்குழியை, அதாவது கையை இணைக்க உடலில் வெட்டும் வளைவை, இன்னும் இறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இறக்காதீர்கள், ஏற்ற வேண்டும்.

கைக்குழி இறங்க இறங்க, கையும் பக்கத் தையலும் சேருமிடம் இடுப்பை நோக்கி நகர்வதால், கையைத் தூக்கும்போது குர்த்தி முழுவதும் மேலே இழுபடுகிறது. அந்த இழுப்பு அத்தனையையும் தாங்குவது அக்குளில் உள்ள தையல்தான். தளர்வாக இருந்தால் வசதி என்று தோன்றுவது இயல்பே. ஆனால் அக்குளுக்குக் கீழே சுமார் 1 அங்குலம் மட்டும் விட்ட கைக்குழியில்தான் கை தாராளமாக உயரும்.

குர்த்தியை அணிந்து, கண்ணாடி முன் கையை உயர்த்திப் பாருங்கள். கீழ் மடிப்பு அந்தப் பக்கம் நன்றாக ஏறி, அக்குளிலிருந்து சாய்வாகச் சுருக்கங்கள் விழுந்தால் காரணம் இதுவே.

தைத்து முடித்த குர்த்திக்கு, அக்குள் தையலைச் சிறிது பிரித்து, அதே துணியில் 4 அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி, ஒரு மூலை கைத் தையலையும் எதிர்மூலை பக்கத் தையலையும் நோக்குமாறு வைத்துத் தையுங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஊசியைத் துணிக்குள் நிறுத்திவிட்டுப் துணியை அழுத்தும் இயந்திரப் பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்பினால் சுருக்கம் விழாது. அடுத்த குர்த்திக்குக் கைக்குழியை அரை அங்குலம் ஏற்றி, கையின் மேல் வளைவைச் சற்றுத் தாழ்த்தி, கையை அகலமாக வெட்டுங்கள்.

தையல் அக்குளில் விடாமல் முதுகுப்பக்கமாக விடுகிறது என்றால், முதுகு அகலமே போதவில்லை; அதற்கு இந்தச் சதுரம் உதவாது.