ட்ரிப்யூட் பேண்டில் ஆட்கள் எல்லாரும் மாறிவிட்டால், அது எப்படி அதே பேண்ட் ஆகும்?

ஒரே ஒரு பேண்டின் பாட்டு, உடை, மேடைப் பேச்சு எல்லாவற்றையும் அச்சு அசலாகத் திருப்பிச் செய்து ஊர் ஊராகப் போகிற குழுதான் ட்ரிப்யூட் பேண்ட். 1960-களின் புகழ்பெற்ற பிரிட்டிஷ் பேண்டான பீட்டில்ஸை நகலெடுக்கும், பிரிட்டனின் 'பூட்லெக் பீட்டில்ஸ்' நல்ல உதாரணம். லண்டனில் ஓடிய 'பீட்டில்மேனியா' மேடை நிகழ்ச்சியில் நடித்தவர்கள் 1980-ல் ஆரம்பித்தது. பீட்டில்ஸின் பாடகர் ஜான் லெனனாக நின்ற நீல் ஹாரிசன் 30 வருஷம் கழித்து, 2011-ல் விலக, ஆடம் ஹேஸ்டிங்ஸ் வந்தார். மற்ற இடங்களிலும் ஆள் மாறியாயிற்று.

அப்புறம் ஏன் பெயர் மாறவில்லை? இங்கே ஆளைவிட வேஷம்தான் நிரந்தரம். கூத்தில் கர்ணன் வேஷம் கட்டுபவருக்கு வயதானால் இன்னொருவர் கட்டுகிறார், கர்ணன் மாறுவதில்லை, அதே கதைதான். இருபதுகளில் இருந்த பையன்களின் வேஷத்தை அறுபது வயதில் எத்தனை நாள் போடுவது? அசல் பீட்டில்ஸே பத்து வருஷத்தில், 1970-ல் பிரிந்துவிட்டார்கள், நகல் நாற்பதைத் தாண்டி ஓடுகிறது!

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பீட்டில்ஸ் 1966 ஆகஸ்டோடு சுற்றுப்பயணத்தை நிறுத்திவிட்டதால், ஸ்டூடியோவில் வயலின், ட்ரம்பெட் எல்லாம் சேர்த்துச் செய்த பிந்தைய பாட்டுகள் பலவற்றை அவர்கள் மேடையில் வாசித்ததே இல்லை. அதை இந்த நகல்காரர்கள் வாத்தியக்காரர்களைக் கூட்டிவந்து வாசிக்கிறார்கள்.

'பூட்லெக்' என்றால் திருட்டுப் பதிவு, அதனால் டேப்பை ஓடவிட்டு வாயசைக்கிறார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, பாட்டும் வாசிப்பும் நேரடிதான்.